தேர்வில் தோற்றவருக்குப் பட்டம் தந்த எண்கள்

அலோர் காஜா - எஸ்.பி.எம். முடிவைக் கண்டு துவளும் பிள்ளைகள் இங்கும் உண்டு. கணித மேதை இராமானுஜனும் தேர்வில் தோற்றவர்தான்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கிக் கல்லூரித் தேர்வில் தவறினார். நம் தோட்டத்துக் கிராணி போல, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1914-இல் பேராசிரியர் ஹார்டியின் அழைப்பில் கேம்பிரிட்ஜ் போனார்.

அங்கே, தமக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை ஆராய்ந்தார். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழ் எதற்கும் அத்தனை இல்லை. கையாலேயே கணக்கிட்ட பட்டியல் 6,746,328,388,800 வரை நீண்டது. அதன் காரணிகள் 10,080! நடுவே 293,318,625,600 மட்டும் விடுபட்டது. அதை 23-ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே வரும். மேதைக்கும் கண் தப்பும் போலும்.

அந்த ஆய்வுக்கே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. நோயோடு தாயகம் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில், சென்னையில் காலமானார். லண்டன் கணிதக் கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத மீதிப் பகுதி, 1997-இல்தான் வெளிவந்தது.