எலா காரா டெலோரியா

எலா காரா டெலோரியா (ஜனவரி 31, 1889 - பெப்ரவரி 12, 1971) ஐக்கிய அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மொழியியலாளரும், மானிடவியலாளரும், பள்ளி ஆசிரியையும் ஆவார். வெளியார் சூ மக்கள் என அழைக்கும் டகோட்டா, லகோட்டா மக்களின் மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த இவர், அதன் இலக்கணத்தையும் கதைகளையும் வழக்காறுகளையும் அம்மக்களிடமிருந்தே கேட்டுத் தொகுத்தார். அம்மொழியில் ஒரு குழந்தை பேச்சையும் நடத்தையையும் எவ்வாறு ஒருசேரக் கற்றது என்பது இவரது எழுத்துக்கள் பலவற்றின் மையப் பொருளாகும். பிற்காலத்தில் மழலையருக்கு அம்மொழியில் மட்டுமே கற்பிக்கும் வகுப்புகள் தோன்றியபோது, இப்பதிவுகளுக்குப் புதிய தேவை உண்டாயிற்று.

பிறப்பும் இளமையும்

எலா, யாங்க்டன் ஒதுக்கீட்டு நிலப்பகுதியில் உள்ள வொயிட் ஸ்வான் என்னும் இடத்தில் பிறந்தார். கடும் பனிப்புயல் வீசிய நாளில் பிறந்த குழந்தைக்கு அழகிய நாளின் பெண் என்று பொருள்படும் அன்பெது வஷ்டே வின் என்ற டகோட்டாப் பெயர் இடப்பட்டது. தந்தை பிலிப் ஜோசப் டெலோரியா, எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் டகோட்டாக்களுள் ஒருவர். தாயார் மேரி சல்லி. தந்தையின் சமயப் பணி காரணமாகக் குடும்பம் விரைவிலேயே ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கீட்டு நிலப்பகுதியின் வாக்பலா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

வாக்பலாவில் வாழ்ந்தவர்கள் லகோட்டாக் கிளைமொழி பேசியவர்கள். டெலோரியா வீட்டில் பேசப்பட்டதோ யாங்க்டன் வழக்கு. ஒரே மொழியின் இரு வழக்குகள் சிறுவயது முதலே காதில் விழுந்ததால், இவற்றிடையே உள்ள ஒலி வேறுபாடுகளை எலா பாடமாகக் கற்கத் தேவை இருக்கவில்லை. தாய்மாமனை ஒரு சாரார் டெக்ஷி என்பர்; மறுசாரார் லெக்ஷி என்பர். பிற்காலத்தில் இலக்கணம் எழுதும்போது இப்பழக்கம் பெரிதும் கைகொடுத்தது.

அக்காலப் பள்ளிகளின் நிலையையும் இங்கு குறிப்பிடவேண்டும். எலா பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1887 இல், பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்களின் மொழியில் கற்பிப்பதைத் தடைசெய்து கூட்டரசின் இந்தியர் விவகார ஆணையர் அட்கின்ஸ் உத்தரவிட்டார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைவில் உள்ள உறைவிடப் பள்ளிகளில் சேர்ப்பதும், அங்கு தாய்மொழி பேசினால் தண்டிப்பதும் பரவலாக நடந்தன. பேச்சுக் கற்கும் பருவத்தைக் கடந்த சிலகாலத்திலேயே பாட்டியிடமிருந்து பேரக்குழந்தை விலக்கப்பட்டதால், மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அடைபட்டது. எலாவின் வீட்டிலும் தந்தையின் திருச்சபை வழிபாட்டிலும் டகோட்டா மொழி தொடர்ந்து வழங்கியதால், இவர் அம்மொழியை இழக்கவில்லை.

கல்வியும் ஆசிரியப் பணியும்

வாக்பலாவின் புனித எலிசபெத் பள்ளியிலும், பின்னர் சூ பால்ஸ் நகரின் ஆல் செயின்ட்ஸ் உறைவிடப் பள்ளியிலும் கற்ற எலா, ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்கு மாறி, 1915 இல் பட்டம் பெற்றார். அங்குதான் மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் இவரைக் கண்டறிந்து, தம் மாணவர்களுக்கு லகோட்டா மொழியில் உதவும் பணியை அளித்தார்.

பட்டம் பெற்றபின் ஊர் திரும்பி, தாம் படித்த ஆல் செயின்ட்ஸ் பள்ளியிலேயே ஆசிரியையானார். 1923 முதல் கன்சாஸ் மாநிலத்தின் ஹாஸ்கெல் பழங்குடிப் பள்ளியில் உடற்பயிற்சியும் நடனமும் கற்பித்தார். தம் மக்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளியில் கற்பித்த இதே ஆசிரியைதான் பின்னர் அவர்களின் மொழியைக் காக்கும் பணியில் முழுமையாக ஈடுபட்டார். இவ்விரண்டையும் முரண்பாடாக இவர் கருதியதாகத் தெரியவில்லை.

போவாஸுடன் ஆய்வு

1927 இல் போவாஸ் மீண்டும் தொடர்பு கொண்டு, ஜார்ஜ் புஷாட்டர் என்ற லகோட்டா 1880களில் எழுதிவைத்த உரைகளைத் திருத்தி மொழிபெயர்க்கும் பணியை ஒப்படைத்தார். அதன்பின் போவாஸ் 1942 இல் இறக்கும்வரை இருவரும் இணைந்து பணியாற்றினர். 1932 இல் வெளியான டகோட்டா உரைகள் என்னும் நூலில் 64 கதைகள் மூலமொழியிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் குறிப்புகளுடன் இடம்பெற்றன. 1941 இல் இருவர் பெயரிலும் டகோட்டா இலக்கணம் வெளியாயிற்று.

எலாவின் களப்பணி முறை பல்கலைக்கழக ஆய்வாளரின் முறையிலிருந்து வேறுபட்டது. முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் செல்லும்போது உணவோ இறைச்சியோ கொண்டுசென்று, உரிய உறவுமுறைச் சொல்லால் அவரை அழைத்து, உடனிருந்து உண்டபின்னரே பேச்சைத் தொடங்கவேண்டும் என்பதை இவர் போவாஸுக்கு விளக்கி எழுதினார். குறிப்பேட்டை விரித்துக் கேள்வி கேட்பது உறவினருக்கு ஒவ்வாத செயல். எனவே பெரும்பாலும் கேட்டு நினைவில் இருத்திப் பின்னர் எழுதினார்.

ஜேம்ஸ் வாக்கர் என்ற மருத்துவர் முன்பு பதிவு செய்த தொன்மங்களைச் சரிபார்க்குமாறு போவாஸ் கேட்டபோது, அவற்றுள் பலவற்றைத் தாம் சந்தித்த முதியவர் எவரும் அறிந்திருக்கவில்லை என்று எலா தெரிவித்தார். போவாஸ் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் எலா தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. இவரது நேர்மைக்கு இதனைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இத்தகைய பணிக்கு நிலையான ஊதியம் கிடைக்கவில்லை. முனைவர் பட்டம் இல்லாமையால் பல்கலைக்கழகப் பதவியும் வாய்க்கவில்லை. தாயார் 1916 இலும் தந்தை 1931 இலும் இறந்தபின் ஓவியரான தங்கை சூசனைப் பேணும் பொறுப்பும் இவருடையதாயிற்று. சிறு உதவித்தொகைகளைக் கொண்டு சகோதரிகள் இருவரும் காரில் ஊர் ஊராகச் சென்றனர்.

உறவுமுறையும் குழந்தையும்

டகோட்டா மொழியில் தந்தையும் தந்தையின் சகோதரர்களும் அட்டே எனவும், தாயும் தாயின் சகோதரிகளும் இனா எனவும் அழைக்கப்படுவர். தந்தையின் சகோதரிக்கும் தாயின் சகோதரனுக்கும் தனிச்சொற்கள் உண்டு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் என அழைத்துப் பழகிய தமிழருக்கு இம்முறை அன்னியமாகத் தோன்றாது. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871 இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு நூலில் டகோட்டாச் சொற்பட்டியலும் தமிழ்ச் சொற்பட்டியலும் சேர்ந்தே இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

எலா வலியுறுத்தியது சொற்களை மட்டுமன்று. ஒருவரைப் பெயர்சொல்லி விளிக்காமல் உறவுச்சொல்லால் அழைக்கும்போது, அவரிடம் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதையும் அச்சொல்லே உடன் கற்பிக்கின்றது. ஒருவரிடம் கேலி பேசலாம்; இன்னொருவரிடம் மிகுந்த மரியாதையுடன் விலகி நிற்கவேண்டும். நல்ல உறவினராக இருப்பதே டகோட்டா வாழ்வின் உயர்ந்த நோக்கம் என்பதை 1944 இல் வெளியான இந்தியரைப் பற்றிப் பேசுதல் என்ற நூலில் இவர் விளக்கினார். குழந்தைக்கு இப்பாடம் அறிவுரையாக வராமல், நாள்தோறும் காதில் விழும் விளிச்சொற்களாகவே வந்தது.

1940களில் எழுதிய வாட்டர்லிலி என்னும் புதினத்தில், பழைய பாசறை வாழ்வில் ஒரு பெண் குழந்தை பிறந்து வளர்ந்து தாயாவது வரை இதே பொருள் கதையாக விரிகின்றது. பதிப்பாளர்கள் வாசகர் குறைவு என ஏற்கத் தயங்கியதால், எலா அதனைப் பாதியளவுக்குச் சுருக்கினார். அப்போதும் அது அச்சேறவில்லை. 1988 இல்தான் நூலாக வெளிவந்தது. மானிடவியல் கட்டுரைகள் சொல்லத் தவறும் வீட்டுப் பேச்சும் பெண்களின் அன்றாடமும் இப்புதினத்தில் இருப்பதால், இவரது நூல்களுள் பொது வாசகர் முதலில் படிக்கத்தக்கது இதுவே.

இறுதிக் காலம்

1955 முதல் 1958 வரை, தாம் சிறுமியாகப் படித்த வாக்பலா புனித எலிசபெத் பள்ளியின் இயக்குநராக எலா பணிபுரிந்தார். பின்னர் வெர்மில்லியன் நகரில் உள்ள தென் டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் டகோட்டா அகராதி ஒன்றைத் தொகுத்து வந்தார். அவ்வகராதி நிறைவுறுமுன் 1971 இல் காலமானார். டகோட்டாச் சமூக வாழ்வு பற்றிய இவரது விரிவான கையெழுத்துப்படி 2022 இல் அச்சில் வந்தது.

மழலையர் வகுப்புகளும் இவரது பதிவுகளும்

பழங்குடி மொழிகளைக் காப்பதை அரசுக் கொள்கையாக அறிவித்த சட்டம் 1990 இல்தான் நிறைவேறியது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982 இல் தொடங்கிய மொழிக்கூடு முறையைப் பின்பற்றி, அமெரிக்கப் பழங்குடியினரும் மழலையர் வகுப்புகளை நிறுவினர். மினியாபொலிஸ் நகரில் 2006 இல் டகோட்டா, ஒஜிப்வே மொழிகளுக்கும், எலா வளர்ந்த ஸ்டாண்டிங் ராக் பகுதியில் சிட்டிங் புல் கல்லூரியில் 2012 இல் லகோட்டாவுக்கும் இத்தகைய வகுப்புகள் தொடங்கின. இம்முறையில் சப்பாத்து அணிவித்தல், கைகழுவுதல், உணவு பரிமாறுதல் ஆகிய அனைத்தும் அம்மொழியிலேயே நடைபெறும்.

இவ்வகுப்புகளின் ஆசிரியர்களுள் பலர் அம்மொழியை வளர்ந்தபின் கற்றவர்கள். இதனால் எழும் சிக்கல்கள் சில, எலா பதிவு செய்த பொருள்களோடு நேரடித் தொடர்புடையன. டகோட்டாவில் ஏவல் சொல்லும்போது ஆண் யோ என்றும் பெண் யே என்றும் வாக்கியத்தை முடிப்பர். வியப்பு, இசைவு முதலியவற்றுக்கும் ஆண் பெண் வழக்குகள் வேறு. வகுப்பில் ஆசிரியைகள் மட்டும் இருப்பின், சிறுவன் பெண்வழக்கையே பழகிவிடுவான். யார் யாரிடம் எவ்வாறு பேசினர் என்பதை அறிய 1941 ஆம் ஆண்டின் இலக்கணமும் 1932 ஆம் ஆண்டின் கதைகளும் உதவுகின்றன. எனினும் போவாஸின் எழுத்துமுறையில் அமைந்த அவ்வுரைகளை, மறைப்பணியாளர் வகுத்த பழைய எழுத்துமுறையில் பழகியோரும் புதிய எழுத்துமுறையில் கற்றோரும் மாற்றி எழுதியே படிக்கவேண்டியுள்ளது. உறவுச்சொற்களின் நிலையோ வேறு: ஆசிரியையை உரிய உறவுச்சொல்லால் அழைக்க மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து எதுவும் தேவைப்படுவதில்லை.