ஊரார் துணி துவைத்தவர்... தலைமுடியால் கோடீஸ்வரி ஆன கதை! யார் இந்த மேடம் சி.ஜே.வாக்கர்?

சீப்பை வெச்சு இழுத்தா முடி கொத்தா கையோட வருது. நடு மண்டையில சொட்டை தெரிய ஆரம்பிச்சிடுச்சு. வெளிய போகணும்னா தலையில துணி கட்டாம போக முடியாது.

1890-களில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் அடுத்தவர் வீட்டுத் துணிகளைத் துவைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சாரா என்ற கறுப்பினப் பெண்ணின் நிலைமை இதுதான். நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றாலும் கிடைக்கிற கூலி ஒரு டாலர் சொச்சம்.

அதே சாராதான் 1919-ல் இறந்தபோது, நியூயார்க் அருகே 34 அறைகள் கொண்ட மாளிகையின் சொந்தக்காரி. அமெரிக்காவிலேயே சுயமாக உழைத்து முன்னேறிய பெண்களில் பெரும் பணக்காரர்களில் ஒருவர். உலகத்துக்கு அவர் மேடம் சி.ஜே.வாக்கர். எப்படி நடந்தது இது?

பருத்திக் காட்டில் பிறந்த குழந்தை

லூசியானா மாகாணத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் டெல்டா என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் ஓவன் பிரீட்லவ், மினர்வா தம்பதி. அவர்களுக்கு 1867 டிசம்பர் 23-ல் பிறந்தவர் சாரா. அண்ணன், அக்கா எல்லோரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சுதந்திர மனுஷியாகப் பிறந்த முதல் குழந்தை இவர்தான்.

சுதந்திரம் பேருக்குத்தான். அதே தோட்டம், அதே பருத்தி. 7 வயசுக்குள்ள அம்மா, அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க. அக்கா லூவீனியாவோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விக்ஸ்பர்க் போனால், அங்கே அக்கா புருஷன் கொடுமை. அதிலிருந்து தப்பிக்க 14 வயதில் மோசஸ் மெக்வில்லியம்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1885-ல் மகள் லீலியா பிறந்தாள். ரெண்டே வருஷத்தில் கணவரும் இறந்துவிட, 20 வயதில் சாரா கைக்குழந்தையோடு விதவை.

பள்ளிக்கூடம் போனது மொத்தமே 3 மாசம். செயின்ட் லூயிஸில் அண்ணன்மார் சலூன் தொழிலில் இருந்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவர், அடுத்த பல வருடங்களுக்குச் சலவைத் தொழிலாளி. இடையில் இரண்டாவதாக ஒரு கல்யாணம். அதுவும் ஒத்து வரவில்லை. துவைத்த காசில் மிச்சம் பிடித்து மகளை டென்னசியில் உள்ள நாக்ஸ்வில் காலேஜுக்கு அனுப்பினார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

முடி ஏன் கொட்டியது?

சாராவுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது. அந்தக் காலத்தில் ஏராளமான கறுப்பினப் பெண்களுக்குத் தலையில் பொடுகு, புண், சொட்டை இருந்தது. காரணம் ரொம்ப சாதாரணமானது. வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. குளிர்காலத்தில் தலைக்குக் குளிப்பது மாசத்துக்கு ஒருமுறை நடந்தாலே பெரிய விஷயம். அப்படிக் குளிக்கும்போது போடுவதும் துணிக்குப் போடுகிற காரச் சோப்புதான். சத்தான சாப்பாடும் இல்லை.

இன்னொன்று, முடியின் அமைப்பு. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சுருள்முடி ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுருண்டு வளரும். மண்டையில் சுரக்கிற இயற்கை எண்ணெய் நேரான முடியில் வழிந்து நுனி வரைக்கும் இறங்கிவிடும். சுருள்முடியில் அந்த வளைவுகளைத் தாண்டி இறங்காது. அதனால் நுனி எப்போதும் வறண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவும் முடி உடையக்கூடிய ஒரு இடம். காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுத்தால் பாதியில் ஒடிந்துவிடும். முடி வளரவில்லை என்று பலர் நினைப்பது உண்மையில் வளர்ந்த முடி ஒடிந்துபோவதைத்தான்.

இதற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழி இருந்தது. முடியைச் சின்னச் சின்னப் பாகமாகப் பிரித்து, மண்டையோடு ஒட்டினாற்போல வரிசையாகப் பின்னுவது. அல்லது இரண்டு கற்றைகளை ஒன்றோடொன்று முறுக்கி விடுவது. நூல் சுற்றிக் கட்டுவதும் உண்டு. நுனி உள்ளே மறைந்துவிடும், தினமும் சீப்புப் போட வேண்டாம், ஈரப்பதம் நிற்கும். இன்றைக்கு அழகு நிலையங்களில் பாதுகாப்புச் சிகை என்று சொல்லிக் காசு வாங்குகிற பின்னலும் ட்விஸ்ட்டும் இதேதான்.

அடிமை வாழ்க்கை இந்தப் பழக்கத்தைப் பாதி அழித்துவிட்டது. சீப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, நேரம் சுத்தமாகக் கிடையாது. ஆட்டு ரோமம் சிக்கெடுக்கும் கருவியால் தலைவாரியவர்கள் உண்டு. பன்றிக் கொழுப்பைத் தலையில் தடவியவர்கள் உண்டு. வாரநாட்களில் நூலாலோ துணித்துண்டாலோ முடியைச் சுற்றி மேலே முண்டாசு கட்டிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஒருத்தர் தலையை இன்னொருத்தர் மடியில் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னுவதற்கான நாள்.

கனவா, பழைய முதலாளியா?

சாராவின் தலையில் முடி திரும்ப வளர்ந்தது எப்படி? இதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன.

அவரே பிற்காலத்தில் சொல்லிவந்த கதை: கனவில் ஒரு பெரிய கறுப்பின மனிதர் வந்தார். என்னென்ன கலக்க வேண்டும் என்று சொன்னார். அதில் சில சரக்குகள் ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தது. வரவழைத்துக் கலந்து தடவியதும் முடி வளர்ந்தது.

விளம்பரத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது! ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. 1903 வாக்கில் செயின்ட் லூயிஸில் ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண் தொழிலதிபர், முடி வளரும் மருந்து விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஏஜென்ட்டாக வேலை பார்த்தவர்தான் சாரா. 1905-ல் டென்வர் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே ஆனியின் சரக்கைத்தான் முதலில் விற்றார். அப்புறம்தான் சொந்தச் சரக்கு. தன் தயாரிப்பைக் காப்பியடிக்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ஆனி பேப்பரில் எச்சரிக்கை விட்டார். பகை கடைசி வரை தீரவில்லை.

அந்த டப்பாவுக்குள் அப்படி என்னதான் இருந்தது? முக்கியமாக பெட்ரோலியம் ஜெல்லியும் கந்தகமும். கூடவே தேன்மெழுகு, நம்ம ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தேங்காய் எண்ணெய், வாசனைக்கு வயலட் சாறு. கந்தகம் பொடுகுக்கும் தலைப்புண்ணுக்கும் ரொம்ப காலமாகவே பயன்பட்ட சரக்கு. கனவில் வந்தவர் புதுசாக எதையும் சொல்லிவிடவில்லை. அடிக்கடி தலைக்குக் குளி, மண்டையைச் சுத்தமா வெச்சுக்கோ, பிறகு மருந்து தடவு என்று சொல்லிக்கொடுத்ததில்தான் பாதி வேலை நடந்தது. புண் ஆறினால் முடி தானாக வளரும்.

'மேடம்' வந்தது எப்படி?

1906 ஜனவரியில், பத்திரிகை விளம்பரத் தொழிலில் இருந்த சார்லஸ் ஜோசப் வாக்கரை சாரா மணந்தார். அவர் பெயரின் எழுத்துகளோடு முன்னால் ஒரு மேடம் சேர்ந்துகொண்டது. சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் வயதான கறுப்பினப் பெண்களைக்கூட வெள்ளையர்கள் வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் ஆன்ட்டி. டப்பாவின் மேலேயே மேடம் என்று அச்சடித்துவிட்டால் வாங்குகிறவர் அப்படிச் சொல்லித்தானே ஆகணும்?

ஒரு டப்பா 50 சென்ட். அட்டையில் அவருடைய படமே. முடி இல்லாத காலத்துப் படம், வளர்ந்த பிறகு எடுத்த படம் என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டு விளம்பரம் செய்தார். தென் மாகாணங்களில் ஊர் ஊராகப் போய், தேவாலயங்களில் பெண்களைக் கூட்டி, அங்கேயே ஒருத்தர் தலையைக் கழுவிக் காட்டுவார். டென்வரில் மகள் தபால் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டாள். 1908-ல் பிட்ஸ்பர்க்கில் மகள் பெயரில் ஒரு பயிற்சிப் பள்ளி. 1910-ல் இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை.

தொழில் வளர்ந்தது, கல்யாணம் தாங்கவில்லை. 1912-ல் விவாகரத்து. பேரை மட்டும் மாற்றவில்லை, அதற்குள் அது பிராண்ட் ஆகிவிட்டிருந்தது.

ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயிற்சி பெற்று ஏஜென்ட் ஆனார்கள். வீட்டு வேலை, சமையல், சலவை, வயல் வேலை தவிர வேறு வழியில்லாத பெண்களுக்குச் சொந்தமாக ஒரு வருமானம். சலவைத் தொட்டி முன் நின்ற பெண்ணுக்கு இதன் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மேடையில் இடம் தராத தலைவர்

1912-ல் சிகாகோவில் கறுப்பினத் தொழிலதிபர்கள் சங்க மாநாடு. தலைவர், அன்றைக்குப் பெரும் செல்வாக்கோடு இருந்த புக்கர் டி. வாஷிங்டன். முடித் தொழிலை அவருக்குப் பிடிக்காது. வாக்கரைப் பேசவிடாமலே நாட்களைக் கடத்தினார். கடைசி நாளில் வாக்கர் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும், பிறகு சொந்தத் தொழிற்சாலைக்கும் வந்த கதையை அவராகவே சொல்லி முடித்தார். அடுத்த வருஷ மாநாட்டில் அதே வாஷிங்டன் அவரை அழைத்து மேடையேற்றினார்.

இன்னொரு சம்பவம். இண்டியானாபொலிஸில் ஒரு தியேட்டரில் டிக்கெட் 10 சென்ட். கறுப்பினத்தவருக்கு மட்டும் 25 சென்ட் கேட்டார்கள். வாக்கர் வழக்குப் போட்டார், தன் கம்பெனி கட்டடத்திலேயே ஒரு தியேட்டர் கட்டவும் திட்டம் போட்டார். அவர் இறந்த பிறகு, 1927-ல் அது திறக்கப்பட்டது.

சுருளை நேராக்கியவரா?

அவர்மேல் இன்றுவரை இருக்கிற பெரிய குற்றச்சாட்டு இதுதான்: கறுப்பினப் பெண்களின் சுருள்முடியை வெள்ளையர் முடிபோல நேராக்கக் கற்றுக்கொடுத்தவர்.

சூடு சீப்பைக் கண்டுபிடித்ததே வாக்கர்தான் என்று இணையத்தில் நிறைய இடங்களில் பார்க்கலாம். தப்பு. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் அது புழக்கத்தில் இருந்தது. ஆனால் அவருடைய முறையில் ஷாம்பு, மருந்து, எண்ணெய் ஆகியவற்றோடு சூடு சீப்புக்கும் இடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. முடியை நேராக்குபவர் என்று தன்னை அழைப்பது அவருக்குப் பிடிக்காது, ஆரோக்கியமான முடி வளர்ப்பதுதான் தன் வேலை என்றே வாதாடினார். சூடு சீப்பு கையில் இருக்கும்வரை அந்த வாதம் முழுசாக நிற்காது. அதே நேரம், பொடுகும் புண்ணுமாக இருந்த தலைகளுக்கு முதலில் தேவைப்பட்டது மருந்துதான் என்பதும் உண்மை.

இதில் ஒரு வேடிக்கை. கம்பெனி விளம்பரங்களுக்கு மாடலாக நின்ற சிறுமி ஃபேரி மே பிரையன்ட். இண்டியானாவைச் சேர்ந்த, அப்பாவை இழந்த பெண். அடர்த்தியான நீளப் பின்னல் அவளுக்கு. அந்த முடி பரம்பரையாக வந்தது. டப்பாவிலிருந்து வந்ததில்லை! 1912-ல் அவளை லீலியா தத்தெடுத்தார். 1931-ல் லீலியா இறந்த பிறகு கம்பெனித் தலைவர் ஆனதும் அதே மே-தான்.

வெள்ளை மாளிகை வாசலில்

1917 ஜூலையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தது. அதைக் கண்டித்து நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் கோஷம் எதுவும் போடாமல் மௌன ஊர்வலம் போனார்கள். சில நாட்களில் ஹார்லெம் தலைவர்களோடு வாக்கரும் வெள்ளை மாளிகைக்குப் போனார். கும்பல் கொலையை மத்திய அரசுச் சட்டத்தின்கீழ் குற்றமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. அதிபர் உட்ரோ வில்சன் சந்திக்கவில்லை.

அதே ஆகஸ்ட் மாதம் பிலடெல்பியாவில் வாக்கர் ஏஜென்ட்டுகளின் முதல் மாநாடு. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள். அதிகம் விற்றவருக்குப் பரிசு, அதிகம் நன்கொடை கொடுத்தவருக்கும் பரிசு. கலைவதற்கு முன் அந்தப் பெண்கள் சேர்ந்து அதிபருக்குத் தந்தி அடித்தார்கள், அதே கோரிக்கையோடு. அப்படியொரு சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022-ல்!

1918-ல் ஹட்சன் ஆற்றங்கரையில் வில்லா லெவாரோ மாளிகை கட்டி முடிந்தது. வடிவமைத்தவர் வெர்ட்னர் டாண்டி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். அதில் வாக்கர் வாழ்ந்தது ஒரு வருஷம்கூட இல்லை. ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் முற்றி, 1919 மே 25-ல், 51 வயதில் இறந்தார். கும்பல் கொலைகளுக்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர் தருவதாகக் கடைசி நாட்களில் அறிவித்திருந்தார். சொத்து மதிப்பு சுமார் 6 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது, அதனால் மில்லியனர் பட்டம் சரியா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. கம்பெனியின் எதிர்கால லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு தர்மத்துக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார்.

பின்னலுக்கு ஒரு சட்டம்

சூடு சீப்பின் காலம் 1960-களில் ஆட்டம் கண்டது. சுருளை அப்படியே விடுவது ஒரு அரசியல் அடையாளமாக மாறியது. பின்னலும் ட்விஸ்ட்டும் திரும்பி வந்தன. அவற்றிலும் கவனம் வேண்டும்: ரொம்ப இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றியோர முடி நிரந்தரமாகவே போய்விடும். மாசக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து மண்டை அரிக்கும். வாக்கர் சொன்ன அதே சுத்தம்தான் இங்கேயும்.

ஆனால் பின்னலோடு வேலைக்கோ பள்ளிக்கோ போனால் திருப்பி அனுப்புவது நிற்கவில்லை. வாக்கர் இறந்து சரியாக 100 வருடம் கழித்து, 2019-ல் கலிபோர்னியா மாகாணம் கிரவுன் சட்டம் கொண்டுவந்தது. பின்னல், ட்விஸ்ட், சடைமுடி காரணமாக ஒருவரை ஒதுக்கினால் அது இனப் பாகுபாடு என்றது அந்தச் சட்டம். பிறகு பல மாகாணங்கள் பின்பற்றின. 1786-ல், ஸ்பானிய ஆட்சிக் காலத்தில், கறுப்பினப் பெண்கள் முடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்ட இடம் லூசியானா. சாரா பிறந்த அந்த மாகாணத்திலும் 2022-ல் கிரவுன் சட்டம் வந்துவிட்டது.