கல்லறையில் ஓர் எண்

ஒரு கலோரி ஏறக்குறைய 4.2 ஜூல். தேர்வில் நாம் மளமளவென்று பெருக்கிவிட்டுப் போகும் இந்த எண்ணுக்குப் பின்னே ஒரு மனிதரின் வாழ்வே இருக்கிறது.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818-இல் இங்கிலாந்தின் சால்போர்டு நகரில் பிறந்தார். தந்தை பீர் ஆலை முதலாளி. ஜூல் பல்கலைக்கழகம் சென்று பயின்றவரல்லர்; ஆனால் இளமையில் அறிஞர் டால்டனிடம் பாடம் கேட்கும் பேறு பெற்றார்.

வெப்பம் எடையற்ற ஒரு திரவம் என்று பலர் நம்பிய காலம் அது. வெப்பத்துக்கு ஓர் அளவு, வேலைக்கு வேறோர் அளவு. வேலையே வெப்பமாகிறது என்று 1843-இல் ஜூல் அறிவித்தார். அறிஞர் அவை மௌனம் சாதித்தது.

அவர் சோரவில்லை. எடைக் கற்களைக் கீழே இறங்கவிட்டு, அவற்றின் கயிற்றால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றினார். நீர் ஏறக்குறைய அரை டிகிரியே சூடேறியது. அதை மீண்டும் மீண்டும் அளந்தார். 1847-இல் ஆக்ஸ்போர்டு கூட்டத்தில் சுருக்கமாகப் பேசும்படி பணித்தனர். எனினும் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன இளைஞர் தாம்சன் கூர்ந்து கேட்டார். காற்று திசை மாறியது.

ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க, 772 பவுண்டு எடை ஓரடி இறங்கும் வேலை வேண்டும் என்பது 1849-இல் அவர் கண்ட முடிவு. இன்றைய கணக்கு 778!

1889-இல் ஜூல் மறைந்தார். அவர் பின்னர் திருத்திக் கண்ட 772.55 என்ற எண் கல்லறையிலே பொறிக்கப்பட்டது. 1948-இல் உலக அளவை மாநாடு வெப்பத்துக்கும் ஜூலையே அலகாக ஏற்றது.

நண்பர்களே, பட்டமன்று, பொறுமையே அவரை அறிஞராக்கியது.