கல்லில் பதிந்த செடிகள்

தீப்பெட்டி லேபிள் அச்சிட்டுப் பெயர் பெற்றது சிவகாசி. 'லித்தோ' என்னும் கல் அச்சு அங்கே புதிதல்ல. அதே கல் அச்சால் தென்னாட்டுச் செடிகளை உலகறியச் செய்தவர் டாக்டர் ராபர்ட் வைட்.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக இந்தியா வந்தார். வைத்தியம் அவர் தொழில். செடி கொடிகளில்தான் உயிர்! பாளையங்கோட்டை, குற்றாலம், கோவை, நீலகிரி எங்கும் செடிகளைத் திரட்டினார்.

செடிக்குப் பெயர் சூட்டினால் மட்டும் போதுமா? மற்ற அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்க்கப் படமும் வேண்டுமே! 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு பாகங்களாக 2,101 படங்களை வெளியிட்டார்.

வரைந்தவர்கள் யார் தெரியுமா? ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். அக்காலத்தில் இந்திய ஓவியர்களின் பெயரைப் பெரும்பாலும் யாரும் வெளியிடுவதில்லை. வைட் அப்படிச் செய்யவில்லை. படங்களின் கீழே அவர்கள் பெயரையும் அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

1853-ல் தாயகம் திரும்பிய வைட், 1872-ல் காலமானார்.

அழியும் செடியைக் காப்பாற்ற, அது எந்தச் செடி என்பது முதலில் தெரியவேண்டும். அதற்கு அறிஞர்கள் இன்றும் அந்தப் படங்களைப் புரட்டுகிறார்கள். ரங்கையா, கோவிந்து பெயர்களும் அவற்றின் கீழே அப்படியே இருக்கின்றன.