கழுத்தில் ஒரு செபமாலை

2009இல் முள்ளிவாய்க்காலில், பங்கருக்குள் அம்மா செபமாலையை விடவேயில்லை. கடவுள் காப்பாற்றுவார் என்றபடி இருந்தார். நாங்கள் தப்பினோம், சித்தப்பா தப்பவில்லை. பல வருடங்களாக அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன்.

கோவாவில், பெனோலிம் என்ற ஊரில் 1651இல் பிறந்தவர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமானது. ஏறத்தாழ முப்பது வருடம் எங்கள் சனம் குருவில்லாமல் ஒளித்துச் செபித்தது. இதைக் கேள்விப்பட்டவர் 1687இல் கூலியாள் வேடத்தில் கடல் கடந்தார். யாழ்ப்பாணம் வந்தபோது வயிற்றோட்டத்தால் எழும்ப முடியாத நிலை. சுகமானதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்க்கத்தான். காட்டிக்கொடுக்க ஒருவர் போதும் என்று தெரிந்தே செய்தார். சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த எனக்கு அந்தத் துணிச்சலின் விலை புரிகிறது.

சில்லாலை அவருக்கு மறைவிடமானது. பிறகு ஒரு நத்தார் இரவில் படையினர் செப வீடுகளுக்குள் புகுந்தனர். அவர் அகப்படவில்லை. பிடிபட்ட விசுவாசிகளில் சிலர் தண்டனையில் இறந்தனர். இதைப் புதுமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. தப்பியவருக்கும் அது பாரமாகத்தானே இருந்திருக்கும்?

1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் அடைத்தார்கள். 1697இல் பெரியம்மை பரவியது. அரசனே நகரைவிட்டு விலகினான். நோயாளிகளைச் சொந்தங்களே காட்டில் விட்டுப்போயின. அவர் குடிசை போட்டு, மதம் பாராமல் கழுவி, ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். கடவுளின் காவலை அவர் தனக்கான கவசமாக எண்ணியதாகத் தெரியவில்லை. ஓடாமல் நிற்பதற்கான தெம்பாகவே அது அவரிடம் இருந்தது.

1711 தை 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் அவரைப் புதைத்த இடம் எதுவென்று இன்றும் அடையாளம் காணப்படவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். சித்தப்பாவைப் புதைத்த இடமும் எங்களுக்குத் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செபமாலையை எடுத்து, இரண்டு பேருக்குமாகப் பத்து மணி சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.