தண்மையும் வெம்மையும் ஆய்ந்த தகைமையாளர்

பக்கவாதத்தால் படுத்திருக்கும் பெரியவரைக் காணச் செல்வோர், செயலிழந்த கையைத் தொட்டு, மற்றைக் கையினும் அது குளிர்ந்திருப்பது கண்டு கலங்குவதுண்டு. துறையூர்ப் பகுதி இல்லங்களிலும் இக்காட்சி புதிதன்று. அக்கை ஏன் குளிர்கிறது? இவ்வினாவிற்கு விடைகாண வழிவகுத்த அறிஞருள் ஒருவர் சார்லஸ் எட்வர்ட் பிரவுன் செக்கார்.

தமிழர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே குடியேறிய மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி நகரில் 1817 ஏப்ரல் 8ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் அமெரிக்கக் கப்பல் தலைவர். மகன் முகம் காணுமுன்னரே கடலில் மறைந்தார். அன்னையார் தையற்பணி செய்து வளர்த்தார். இலக்கியம் படைக்கும் வேட்கையுடன் 1838இல் பாரிஸ் சென்ற இளைஞர், அங்கு ஊக்கம் கிட்டாமையால் மருத்துவம் பயின்று 1846இல் பட்டம் பெற்றார். வறுமை வாட்டியும் ஆய்வைக் கைவிட்டாரிலர்.

தண்டுவடத்தின் ஒரு பாதி வெட்டுண்டால் அதே பக்கத்தில் இயக்கம் கெடும். மறுபக்கத்தில் வலியும் வெப்பமும் உணரப்படா என நிறுவினார். அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டியபோது அப்பக்கக் காது வெம்மையுறுவதைக் கிளாத் பெர்னார் கண்டிருந்தார். 1852இல் செக்கார் அந்நரம்பை மின்னால் தூண்டி, குருதிக் குழாய்கள் சுருங்கிக் காது குளிர்வதைக் காட்டினார். தோலின் வெப்பத்தைக் குருதியோட்டமும், குருதியோட்டத்தை நரம்பும் ஆள்கின்றன என்பது தெளிவாயிற்று. மூளை பழுதுற்றால் இவ்வாட்சி தடுமாறும். ஆதலின் செயலிழந்த உறுப்பு தொடக்கத்தில் சிலர்க்கு வெம்மையுறும். நாளடைவில் அசைவின்மையும் சேர, பெரும்பாலும் குளிரும்.

1854இல் தாயகத்தில் காலரா பரவியபோது நோயாளர்க்குத் தொண்டாற்றினார். 1860இல் இலண்டனில் வாத நோயாளர்க்கெனத் தோன்றிய மருத்துவமனையின் முதல் மருத்துவருள் ஒருவரானார். 1864இல் ஹார்வர்டில் பேராசிரியரானார்; 1878இல் பாரிசில் பெர்னார் வகித்த இருக்கையை ஏற்றார். முதுமையில், 1889இல், விலங்குச் சாற்றால் இளமை மீளுமெனக் கூறிப் பிழைபட்டதும் உண்டு. 1894 ஏப்ரலில் மறைந்தார்.

இவ்வரலாறு நம் இல்லங்கட்கும் ஒரு பாடம் தருகிறது. குளிர்ந்த கைக்கு வெந்நீர்ப் பையும் தவிட்டு ஒத்தடமும் வைப்போர் சற்றே சிந்தித்தல் வேண்டும். உணர்விழந்த கை சுடுவதைச் சொல்லாது. கொப்புளம் எழுந்த பின்னரே நாம் அறிவோம். போர்வையால் மூடுதலும், மருத்துவர் காட்டியவாறு அசைத்துவிடுதலும் நலம். உறுப்பு திடீரெனக் குளிர்ந்து வெளிறினாலோ, வீங்கி வெம்மையுற்றாலோ காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடுக. அன்பின் கைக்கு அறிவும் துணைநிற்றல் வேண்டும்.