இரு பெயர் கொண்ட கண்டி அரசி



கண்டி மாநகருக்குச் செல்லும்போதெல்லாம் வாவிக்கரையில் நடந்திருப்பீர்கள். அந்த வாவி வெட்டப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அந்நகரில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் அரசியாக வாழ்ந்தார். குசுமாசன தேவி என்பது அவருடைய சிங்களப் பெயர். தோனா கத்தரீனா என்பது ஞானஸ்நானப் பெயர். அவருடைய வாழ்க்கை இன்று நம் வீடுகளுக்கும் ஒரு பாடம் சொல்கிறது.

கண்டியை ஆண்ட கரலியத்த பண்டாரவின் மகள் இவர். 1580களின் தொடக்கத்தில் சீதாவக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றியபோது, தந்தை குடும்பத்துடன் திருகோணமலைப் பக்கம் தப்பியோடினார். அங்கே வைசூரி நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அநாதையான குழந்தை போர்த்துக்கேயரின் காவலில் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அவளுக்கு ஞானஸ்நானம் அளித்தார்கள். தங்கள் பழக்கவழக்கங்களில் வளர்த்தார்கள்.

இவ்வளவு அக்கறை ஏன்? கண்டிச் சிம்மாசனத்தின் உரிமை அந்தக் குழந்தையிடம் இருந்தது. பூட்டிய வீட்டுக்கு அவளே திறவுகோல். திறவுகோலைப் பத்திரமாக வைப்பார்கள். அதனிடம் விருப்பம் கேட்பார் உண்டோ?

1594ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி பேத்ரோ லோப்பஸ் த சோசா, பெரும் படையுடன் அவளைக் கண்டிக்கு அழைத்துவந்து அரியணையில் அமர்த்தினார். பழைய அரச குலத்தின் வாரிசு திரும்பிவிட்டாள் என்று மக்கள் மகிழ்ந்தது சில நாட்களே. அரசியைச் சுற்றி அந்நியக் காவல் நின்றது. அவளை ஒரு போர்த்துக்கேயனுக்கே மணமுடித்து நாட்டையும் அவனிடம் ஒப்படைத்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. தங்களோடு வந்த ஜயவீர என்ற உள்நாட்டுப் படைத்தலைவன்மீது சந்தேகங்கொண்டு போர்த்துக்கேயர் அவனைக் கொன்றனர். உடனே உள்நாட்டு வீரர்கள் விலகிப் போனார்கள். அக்டோபர் மாதத்தில் தந்துரே என்னுமிடத்தில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. இளம் அரசி, வென்றவர் கையில் சிறைப்பட்டாள்.

வென்றவர் கொணப்பு பண்டார. அவரும் ஒரு காலத்தில் ஞானஸ்நானம் பெற்று, தொன் யுவான் என்ற பெயர் தாங்கி, போர்த்துக்கேயருக்காகப் போரிட்டவர்தாம். காலம் கனிந்ததும் அப்பெயரை உதறிவிட்டு, விமலதர்மசூரியன் என்ற பெயருடன் கண்டியின் காவலரானார். ஆண்மகனுக்கு அந்நியப் பெயர் ஒரு சட்டை. போடவும் கழற்றவும் அவருக்கு முடிந்தது. கத்தரீனாவுக்கோ பெயரைக் கொடுத்தவர்களும் பிறர், மாற்றியவர்களும் பிறர். தம் ஆட்சிக்கு உரிமை தேடி அவர் அவளை மணந்தார்.

ஒருத்தியைக் கவர்ந்து சென்றவன் தன் பிடியிலிருந்து அவளை விடுவிக்காதவரை அவளுடன் நடக்கும் திருமணம் செல்லாது என்று 1563லேயே திரெந்து பொதுச்சங்கம் விதித்திருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் காவல் கண்டி அரண்மனைக்குள் எட்டவில்லை.

1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்தபோது, மன்னர் அவரை அரசியின் அறைக்கே அழைத்துச் சென்றார். அரசியும் பிள்ளைகளும் ஐரோப்பிய உடையில் இருந்தார்கள். விருந்தினருக்குக் காட்ட மன்னாரின் வளர்ப்பு அன்று மறுபடியும் பயன்பட்டது.

1604இல் விமலதர்மசூரியன் இறந்தார். துறவுக்கோலம் களைந்து வந்த அவருடைய உறவினர் செனரத், விதவையான அரசியை மணந்து அரியணை ஏறினார். சிம்மாசனம் இரண்டாம் முறையும் கத்தரீனாவின் வழியாகவே ஓர் ஆணைச் சேர்ந்தது. மூத்த மகனை இழந்த துயரத்தோடு 1613இல் அவர் கண்மூடினார். தம் இளமைக்கால விசுவாசத்தை நினைத்து இறுதி வேளையில் அவர் கலங்கியதாக ஒல்லாந்தப் போதகர் பால்டேயஸ் எழுதியுள்ளார். செனரத்துக்கு அவர் பெற்ற மகனே இரண்டாம் இராஜசிங்கன். அம்மன்னன் ஒல்லாந்தரோடு கூட்டுச்சேர்ந்து போர்த்துக்கேயரை எதிர்த்தான். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைகளில், தாய் வளர்ந்த மன்னாரும் ஒன்று.

வாசகர்களே, சற்றே சிந்தியுங்கள். போர்த்துக்கேயருக்கு அவர் கண்டிப் பெண். கண்டியருக்கோ போர்த்துக்கேயர் வளர்த்த பெண். இனத்தால் இருபுறமும் அந்நியர். பெண்ணாய்ப் பிறந்ததால் இருபுறமும் கைப்பொருள். அவருடைய உடன்பிறவாச் சகோதரன் தொன் பிலிப்பும் போர்த்துக்கேயரின் காவலில் இருந்தவன்தான். ஆனால் அவனை அரசனாக்க அனுப்பியபோது, அவன் யாரை மணப்பான் என்பது போருக்குக் காரணமாகவில்லை. அரியணைக்கு உரியவர் ஆணாயின் அவனே அரசன். பெண்ணாயின் அவளை மணப்பவனே அரசன்.

நம்மவர்களையும் நாம் மன்னித்துவிட முடியாது. ஞானஸ்நானம் ஓர் ஆன்மாவுக்கு இறைவன் அளிக்கும் கொடை. அரசியல்வாதிகள் அதை ஒரு குழந்தையின்மீது போட்ட முத்திரையாக்கினார்கள். அந்தக் குழந்தையின் ஆன்மாவைவிட அவளுடைய நாட்டின்மேல் அவர்களுக்கு ஆசை அதிகமாயிருந்தது.

பெற்றோரே, உங்கள் மகளுக்கு அரியணை இல்லை. ஆனால் காணி உண்டு, உத்தியோகம் உண்டு, வெளிநாட்டு விசாவும் இருக்கலாம். சாதிக்காகவும் இனத்துக்காகவும் வசதிக்காகவும் வரன் பேசும்போது, அவளும் ஒரு திறவுகோலாகிவிடுகிறாள். மணமக்கள் இருவரின் சுதந்திரமான சம்மதம் இல்லாத இடத்தில் திருமணமே இல்லை என்பது திருச்சபையின் சட்டம். குருவானவர் பீடத்தின்முன் கேட்கும் அந்தக் கேள்வியை, வரன் வீட்டாருக்கு வாக்குக் கொடுக்குமுன் வீட்டில் நீங்கள் கேளுங்கள். கேட்டபின், அவள் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.